ஒன்பதாம் குழிக்கு ஐந்து

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்ட வேண்டாம். வாசித்துவிட்டால் அடுப்பில் போட்டுவிடுங்கள். சின்னம்மாவிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். இப்படி நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. இது என் அப்பாவுக்கு எழுதுவது.

அப்பா, உங்கள் கையுறையைச் சப்பாத்துப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து மடியில் வைத்திருக்கிறேன். எட்டு மாதமாக ஒருவரும் அதைத் தொடவில்லை. ஆனாலும் அதன் விரல்கள் மடங்கியபடியே இருக்கின்றன, இன்னும் கோல்ஃப் பொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. மூக்கருகே கொண்டுபோனால் உப்பும் வேர்வையும் பழைய தோலும் மணக்கின்றன. இடது கைக்கு மட்டும் ஏன் கையுறை என்று முதல் நாள் கேட்டேன். "வலது கை வெறுங்கையா இருந்தாத்தான் மகள், பந்து பட்டது எப்பிடி எண்டு விளங்கும்" என்றீர்கள். கையுறைக்குள் நாலாக மடித்த அந்தத் தாள் அப்படியே இருக்கிறது. நான் ஒப்பம் வைக்க மறுத்த தாள்.

இன்று பின்னேரம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். யார் என்று சொல்லவில்லை. ஒருவரின் கையில் உங்கள் கோல்ஃப் கொப்பி இருந்தது. நீல மட்டை, மூலையில் நான் ஒட்டிய வண்ணத்துப்பூச்சி. அதைக் கண்டதும் எனக்கு உங்களையே கண்ட மாதிரி இருந்தது. வாசலுக்கு ஓடினேன். சின்னம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டார்.

"அத்தான் எங்க? சண்டைதான் முடிஞ்சிற்றே. விட்டிருவீங்க எண்டுதானே சொன்னவங்க?" என்று சின்னம்மா கேட்டார்.

கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவேயில்லை. "அவர் இப்ப உயிரோட இல்ல. தேடித் திரியாதீங்க" என்றார். கடையில் மா முடிந்துவிட்டது என்று சொல்லுகிற குரல் அது. அதே குரலில், அதே மூச்சில், "இதில ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் ஒரு சின்ன ஒப்பம் இருக்கு. இது ஆருட?" என்று கேட்டார்.

சின்னம்மா தெரியாது என்றார். அந்த ஆள் என்னைப் பார்த்தார். "பள்ளிக்கூடம் போற புள்ளையா? நாளைக்கு வாறம். கொப்பியெல்லாம் எடுத்து வைங்க, எழுத்தப் பாக்கணும்."

அவர்கள் போன பிறகு சின்னம்மா அழவில்லை. நானும் அழவில்லை. அடுப்பில் சோறு அடிப்பிடித்து மணந்தது. இரண்டு பேரும் அதை இறக்காமல் நின்றோம். உயிரோடு இல்லை என்றால் எப்போதிருந்து இல்லை என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன். போன கிழமையும் உங்கள் சறத்தைத் தோய்த்துக் காயப்போட்டேனே. அன்றைக்கும் நீங்கள் இல்லையா?

பிறகு சின்னம்மா என் கொப்பிகளையெல்லாம் ஒரு சாக்கில் போடச் சொன்னார். விடியச் சமைக்கும்போது எரிப்பாராம். இந்தக் கணக்குக் கொப்பியை மட்டும் ஒளித்துக்கொண்டேன். கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. டோர்ச்சைப் பாவாடைக்குள் வைத்து எழுதுகிறேன்.

சுனாமி வந்த விடுமுறைக்கு நான் இங்கே, பாலத்துக்கு இந்தப் பக்கம், சின்னம்மா வீட்டில் நின்றதால் தப்பினேன். கல்லடியில் அம்மாவும் தம்பியும் இருந்தார்கள். நீங்கள் வெளிநாட்டில் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். நாலாம் நாள் வந்தீர்கள். எங்கள் வீட்டில் சுவர் ஒன்றும் இல்லை. சிவப்புச் சீமெந்துத் தரை மட்டும் கழுவித் துடைத்த மாதிரிக் கிடந்தது. பின்னால் கிணறு இருந்தது. நீங்கள் தரையின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினீர்கள், வாசலால் உள்ளே போகிற மாதிரி.

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் நீங்கள் யாரோடும் கதைக்கவில்லை. காத்தான்குடி றகீம் நானா வெளிநாட்டில் உங்களோடு ஒரே அறையில் இருந்தவர். விடுமுறையில் வந்தபோது நீங்கள் விட்டுவந்த மூன்று பொல்லுகளையும் ஒரு உரப்பை நிறையப் பந்துகளையும் கொண்டுவந்து போட்டார். "மச்சான், சாமானை எடு. இந்த மூணையும் வீட்டுப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சி, துருப்பிடிக்காம எண்ணெ பூசி, மனிசிக்கிட்ட ஏச்சும் வாங்கியிருக்கன்" என்றார். அன்றைக்குத்தான் நீங்கள் சிரித்ததை நான் திரும்பவும் கண்டேன்.

கடற்கரையில் வீடு கட்டக்கூடாது என்று அறிவித்திருந்தார்கள். வீடுகள் நின்ற வளவுகள் எல்லாம் வெளியாய்க் கிடந்தன. நீங்கள் பால் ரின்களை மண்ணுக்குள் புதைத்து ஒன்பது குழி செய்தீர்கள். எனக்கு அங்கே கால் வைக்கப் பயம். "பயமெண்டா எண்ணிக்கொண்டு வா. எண்ணுறவளுக்குப் பயப்பட நேரம் இராது" என்று கையைப் பிடித்தீர்கள். குழிக்குக் குழி நாம் இருவரும் கவடு வைத்து அளந்தோம். உங்கள் ஒரு கவடுக்கு எனக்கு ஒன்றரை.

அப்போதுதான் அந்தப் பிழையை நான் செய்தேன்.

"ஒண்டு, ரெண்டு எண்டு போட்டாக் காணும், மகள்" என்றீர்கள். நான்தான் கேட்கவில்லை. செத்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இலக்கம்தான் போட்டிருந்தார்கள். அம்மாவை நீங்கள் ஒரு இலக்கத்தைக் கொண்டுதான் தேடிப் பிடித்தீர்கள். இனி யாருக்கும் இலக்கம் வேண்டாம் என்று எனக்கு இருந்தது. அதனால் எந்த வளவில் குழி இருக்கிறதோ அந்த வளவில் இருந்தவரின் பெயரைக் குழிக்கு வைத்தேன். ஒன்று தவமணி அக்கா. இரண்டு தபால்கார மாமா. மூன்று என்னோடு படித்த டிலானி. எட்டாவது, தம்பி விளையாடுகிற மாமரம் நின்ற இடம், அது தம்பி. ஒன்பதாவது கிணற்றடி. அது அம்மா. நீங்கள் கொப்பியை வாங்கி ஒன்பது பெயரையும் வாசித்தீர்கள். பிறகு, "சரி, எழுது" என்றீர்கள்.

ஹண்டிகப் என்றால் என்ன என்று அன்றைக்கே சொன்னீர்கள். ஒன்பது குழியையும் இரண்டு முறை சுற்றினால் நல்ல விளையாட்டுக்காரன் எழுபத்திரண்டு அடியில் முடிப்பான். நமக்கு அதற்கு மேல் எத்தனை அடி தேவைப்படுகிறது என்பதுதான் அந்த எண். ஒரு நாளைக்குத் திறமாக அடித்தால் போதாது, பல நாள் கணக்கின் சராசரி இறங்க வேண்டும். வெளிநாட்டில் உங்கள் எண் இருபத்தேழு. அதைப் பதினெட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உங்கள் ஆசை. "பதினெட்டெண்டா ஒரு குழிக்கு ஒரு பிழைதான். ஒரு ஆளுக்கு ஒரு பிழை விடலாம்" என்றீர்கள். எந்தப் பிழையைச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மா திரும்பி வரச்சொல்லி எழுதிய கடிதங்கள் உங்கள் பெட்டியில் இருந்தன என்று சின்னம்மா பிறகு சொன்னார்.

விளையாடுகிறவன் தன் கணக்கைத் தானே எழுதி ஒப்பம் வைக்கக் கூடாது. பார்த்துக்கொண்டு வருகிற இன்னொருவர் எழுத வேண்டும், அவர் ஒப்பம் வைத்தால்தான் செல்லும். அந்த வேலை எனக்கு வந்தது. நான் எண்ணத் தொடங்கியதும் உங்கள் இருபத்தேழு முப்பத்தொன்றாக ஏறியது. மணலில் படர்ந்த அடம்பன் கொடிக்குள் இரண்டு தரம் சும்மா வீசியதையும் நான் எழுதிவிட்டேன். றகீம் நானா விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன மச்சான், புள்ளைய மார்க்கரா வெச்சி ஹண்டிகப்ப ஏத்திக்கிட்டுப் போறாய். எனக்குப் பாரு, பதினாறு."

"உன்ட பதினாறு உன்ட கொப்பியிலதான் கிடக்கு. புல்லுக்கு அது தெரியாது" என்றீர்கள்.

இரவு என்னிடம், "முப்பத்தொண்டுதான் உண்மை. உண்மையான எண்ணில நிண்டாத்தான் மகள், அங்க இருந்து இறங்க ஏலும்" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. மூன்றரை வருடம் எழுதி எழுதித்தான் விளங்கியது.

முதலில் நீளப் பொல்லை வீட்டில் வைத்துவிட்டு வந்தீர்கள். தூரம் அடிப்பதில்தான் ஆசை, பந்து தொலைவதும் அதில்தான் என்றீர்கள். பந்து கொடிக்குள் போனால் பழைய மாதிரி அங்கிருந்தே குழிக்கு அடிக்கப் பார்க்காமல், பக்கவாட்டில் வெளி மணலுக்குத் தட்டிவிட்டு ஓர் அடியை இழப்பீர்கள். "ஒண்ட இழந்தா ஒண்டுதான். வீம்பு புடிச்சா நாலு." வலை இழுக்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒருவர், "அண்ணே, இந்தப் பெரிய வெளியில அந்தச் சின்ன ரின்னுக்குள்ளதான் போடணும் எண்டு ஆரும் நேர்த்தி வச்சதா?" என்று கேட்டார். "ஓம், நானேதான்" என்றீர்கள்.

ஆனால் எண் உண்மையில் இறங்கியது எங்கள் வீட்டுத் தரையில்தான். குழிக்குக் கிட்டே வந்த பிறகுதான் அடிகள் வீணாகின்றன என்று என் கொப்பி சொன்னது. புல்லில்லாத ஊரில் பந்து ஒழுங்காக உருளக்கூடிய ஒரே இடம் அந்தச் சிவப்புத் தரை. பின்னேரம் பின்னேரம் நூறு பந்து. குசினி இருந்த மூலையிலிருந்து சாமியறை இருந்த மூலைக்கு. பந்து நடு அறையைக் கடக்கும்போது சின்ன ஒரு வெடிப்பில் ஏறி இறங்கும். தம்பி படுக்கிற இடம் அது. ஒவ்வொரு முறையும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். நீங்கள் மூடவில்லை. ஒரு நாள், நூறு முடிந்த பிறகும் பந்தைப் பொறுக்காமல் நின்று, "இந்தத் தரை கொஞ்சம் தெக்க சரிஞ்சு கிடக்கு. பத்து வருசம் இருந்தும் எனக்குத் தெரியாது. உங்கட அம்மாக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றீர்கள்.

இருபத்தேழு. இருபத்துநாலு. இருபத்திரண்டில் ஒரு வருடம் அப்படியே நின்றது. நான் சலித்துப்போய் ஒரு நாள் ஓர் அடியைக் குறைத்து எழுதினேன். நீங்கள் வாசித்துப் பார்த்து, பேனையை வாங்கி வெட்டித் திருத்தி, பக்கத்தில் என்னை ஒப்பம் வைக்கச் சொன்னீர்கள். பிறகு இருபது. பத்தொன்பது.

கடைசி நாள். மாரி தொடங்க முந்திய காற்று. கொப்பி முடிந்துவிட்டதால் அன்றைய கணக்கை ஒரு தனித்தாளில் எழுதினேன். எண்பத்தொன்பதில் முடித்தால் சராசரி இறங்கிப் பதினெட்டு ஆகும். தொண்ணூறானால் பத்தொன்பதிலேயே நிற்கும். அம்மாவின் குழிக்கு வரும்போது எண்பத்தைந்து. மூன்றாவது அடியில் பந்து கிணற்றடிக்குப் பக்கத்தில், ஓர் அடம்பன் இலைக்குக் கீழே நின்றது. நீங்கள் குந்தி இலையை விலக்கினீர்கள். பிறகு தட்டினீர்கள். ரின்னுக்குள் விழுந்த சத்தம் கேட்டது. நான் குதித்தேன்.

நீங்கள் குதிக்கவில்லை. "அஞ்சு போடு" என்றீர்கள்.

"நாலு, அப்பா. நான் எண்ணினன்."

"இலையை எடுக்கக்குள்ள பந்து அசைஞ்சிற்று. அதுக்கு ஒண்டு."

"நான் காணல்ல. ஒருவரும் காணல்ல."

"நான் கண்டன்."

ஐந்து என்று எழுதினேன். ஆனால் ஒப்பம் வைக்க மாட்டேன் என்றேன். அரை விரல் நகர்ந்ததற்காக மூன்றரை வருடத்தை விடுகிறீர்களே என்று எனக்குக் கோபம். தாளை மடித்து உங்கள் கையுறைக்குள் திணித்து, கையுறையை என் பைக்குள் போட்டேன். "சரி. கோவம் போனாப்போல வை" என்றீர்கள். சைக்கிள் பாருக்குக் குறுக்கே பொல்லுகள் கட்டிய உரப்பை. நான் பின்னால். பாலம் வரைக்கும் நான் உங்களோடு கதைக்கவில்லை.

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் வழக்கமாக நிற்பவர்களுக்கு நம்மைத் தெரியும். பொல்லுகளைக் கண்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு நின்றவர்கள் புதியவர்கள். பொல்லுகளை அவர்கள் பெரிதாகப் பார்க்கவில்லை. உங்கள் சேட்டுப் பைக்குள்ளிருந்த கொப்பியை எடுத்தார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். தவமணி, 210, 5. டிலானி, 160, 4. தம்பி, 145, 6. அம்மா, 190, 4. எல்லாப் பக்கத்திலும் அதே பெயர்கள், பக்கத்தில் கவடும் அடியும் வெறும் எண்களாக, கீழே ஒப்பம்.

"ஆரு இந்த ஆக்கள்?"

"இந்தக் கடற்கரையில இருந்த ஆக்கள்."

"இப்ப எங்க?"

"செத்துப் போயிற்றாங்க."

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அப்பா. அந்தக் கொப்பியை அவருடைய கண்ணால் நானும் பார்த்தேன். செத்தவர்களின் பெயரில் யாரோ இரகசியக் கணக்கு வைத்திருக்கிற மாதிரித் தெரிந்தது.

"செத்த ஆக்களின்ட பேரில எண் என்னத்துக்கு?"

"விளையாட்டுக் கணக்கு, சேர்."

"செத்த ஆக்களின்ட பேரில விளையாட்டா?"

கீழே வாவியில் தோணி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்தவன் நம்மை ஒரு தரம் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் கிறுகிக்கொண்டான்.

"இது ஆருட எழுத்து?"

நான் வாயைத் திறந்தேன். உண்மையாகத் திறந்தேன், அப்பா. நீங்கள் உங்கள் வெறுங்கையை, அந்த வலது கையை, என் தலையில் வைத்து அழுத்தினீர்கள். "என்ட எழுத்துத்தான் சேர். இவளுக்கு ஒண்டும் தெரியாது" என்றீர்கள்.

கொப்பியை வைத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் காலை அடையாள அட்டையோடு வரச் சொன்னார்கள். நீங்கள் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனீர்கள். வாசல் படலையில் திரும்பி, "மறுகா வந்து அந்தத் தாளப் பாப்பம்" என்றீர்கள். நான் அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபத்தால் இல்லை. அழுகையைக் காட்டக்கூடாது என்று. உங்களுக்கு அது தெரிந்திருக்குமா?

அரை விரல் அசைந்த பந்துக்கு ஓர் அடியைத் தன் தலையில் போட்டவர் நீங்கள். மூன்றரை வருடத்தில் ஒரு எண்ணைக் கூடக் குறைத்துச் சொல்லாதவர். பாலத்தில் அந்த ஒரு தரம் மட்டும் பொய் சொன்னீர்கள். அது எனக்காக. எட்டு மாதமாக நான் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருகிறேன். றகீம் நானா இரண்டு தரம் வந்து, உங்களைத் தேடித் தான் எங்கெல்லாம் அலைந்தார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடமும் நான் சொல்லவில்லை. பெயர் வைத்தது நான் என்று இன்றைக்கு வரைக்கும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இந்தத் தாளையும் சாக்கோடு எரித்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு என் எழுத்து வேறு எங்கும் இருக்காது. நான் எழுத்தை மாற்றி எழுதிக் காட்டலாம். அவர்கள் போன பிறகு இருட்டும் வரைக்கும் இடது கையால் எழுதிப் பழகினேன். விரல்கள் இந்தக் கையுறையின் விரல்கள் மாதிரியே மடங்கிவிட்டன. ஆனால் பழகிக்கொண்டு இருக்கும்போது எனக்கு றகீம் நானாவின் பதினாறு ஞாபகம் வந்தது. புல்லுக்குத் தெரியாத எண்.

நாளைக்கு அவர்கள் வந்து கேட்டால், என் எழுத்து என்று சொல்லப்போகிறேன். தவமணி அக்கா யார், டிலானி யார், அம்மா யார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லப்போகிறேன். நம்பாவிட்டால் கல்லடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ரின்களைக் காட்டுவேன். கவடு வைத்து அளந்து காட்டுவேன். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. இதை எழுதும்போது எண்ணிக்கொண்டுதான் எழுதுகிறேன், ஒன்று, இரண்டு என்று.

தாளை விரித்து வைத்துவிட்டேன். மடித்த இடங்களில் மை கொஞ்சம் போயிருக்கிறது. ஒன்பதாம் குழி, அம்மா: ஐந்து. நீங்கள் கண்டபடி ஐந்து. மொத்தம் தொண்ணூறு. ஹண்டிகப் பத்தொன்பது, இறங்கவில்லை. ஒப்பம் வைத்துவிட்டேன், அப்பா. சுருக்கமாக இல்லை, முழுப் பெயரையும் எழுதி. இனி இது செல்லும்.

படலை திறக்கிற சத்தம் கேட்கிறது. இந்த நேரத்தில் ஒருவரும் வருவதில்லை. கதவைத் தட்டுகிறார்கள். சின்னம்மா எழும்பி